சரிவில் ஒரு பந்தி

கடலோரத்தில் அந்தக் கட்டடத்தில் இப்போது படகு எஞ்சின் பழுது பார்க்கிறார்களாம். நல்லது. கொட்டின எண்ணெய் தானாகவே ஒரு பக்கமாக ஓடிவிடும். தரை அப்படி.

ராதாபுரத்துக்குத் தெற்கே இருக்கும் அது முதலில் சினிமாக் கொட்டகை. படம் ஓடாமல் போனதும் கருவாடு அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஆனது. பிறகு யாரோ ரோஸ் வண்ணம் அடித்து, வாசலில் இரண்டு சிமெண்ட் யானைகளை நிறுத்தி, கல்யாண மண்டபம் என்று எழுதினார்கள். என் மகளுக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்தபோது திருநெல்வேலியில் ஒரு மண்டபமும் இல்லை. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. தேதியைத் தள்ள முடியாது. பேட்டையில் ஒரு பட்டறைக்காரர் தம் ஷெட்டைத் தருவதாகச் சொன்னார், லேத் மிஷினை மட்டும் நகர்த்த முடியாதாம். கடலோர மண்டபம் காலியாக இருந்தது. ஏன் காலியாக இருக்கிறது என்று யோசிக்கும் அளவுக்கு நான் படித்தவன்தான். யோசிக்கவில்லை.

என் மனைவியின் அண்ணன் போனில் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, அது கருவாட்டுக் கிட்டங்கில்லா? நம்ம சைவ ஜனம் அங்கன எப்படி இலை போட்டுச் சாப்பிடும்?"

"அது அந்தக் காலம் அத்தான். இப்ப மண்டபம்."

"அது சுவருக்குத் தெரியுமா வே? கருவாட்டுக் கிட்டங்கில நான் காலெடுத்து வைக்கமாட்டேன்."

தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் எங்களில் பெண் மணமேடை ஏறுவாள். இருப்பது ஒரே தாய்மாமன். "அண்ணன் வராம கல்யாணம் இல்ல" என்று சொல்லிவிட்டு என் மனைவி மிக்ஸியைப் போட்டாள். அதற்கு மேல் பேச வழியில்லை.

கல்யாணம் அந்தத் தேதியில், அந்த மண்டபத்தில், அவர் கையால்தான் நடக்கும் என்று முடிவு செய்தேன். லீவு போட்டுவிட்டு ப்ளீச்சிங் பவுடரும் தென்னந்துடைப்பமுமாகப் போய் இறங்கினேன். தேய்த்தேன். மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். சாம்பிராணி போட்டேன்.

"அண்ணாச்சி, நீங்க தேய்க்குத தேய்ப்புல மண்டபமே காணாமப் போயிரும்," என்றார் வாட்ச்மேன்.

கடைசியில் வாடை போயிற்று. என் மூக்கு போயிற்று என்பது மனைவியின் கட்சி.

அதற்குப் பிறகுதான் சமையற்காரர் வந்து தரையைப் பார்த்தார். கொட்டகைத் தரையை யாருமே நிரவவில்லை. பின்னாலிருந்து திரை வரைக்கும் ஒரே சரிவு. எங்கள் வீட்டில் பந்தி என்றால் தரையில்தான். எனக்கும் சமையற்காரருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டு ரசமும் மோரும் ஊற்றிப் பார்த்தோம். வடக்கே பார்த்து உட்கார்ந்தால் ரசம் மடியில். தெற்கே, திரையைப் பார்த்து உட்கார்ந்தால் ஒழுங்காக எதிர்ப்பக்கம் ஓடும். ஆனால் கல்யாணப் பந்தியில் எமன் திசையைப் பார்த்து எவன் உட்காருவான்? கிழக்கே பார்த்தால் பக்கத்து இலைக்குப் போகிறது. சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியில் விழுவதுபோல என் ரசம் அவருடைய மோரில் போய் விழுந்தது.

"இது பந்தியா வாய்க்காலா அண்ணாச்சி? ரசத்தைத் தம்ளர்ல குடுத்திருவோமா?"

"இலையிலதான். சோத்துல வரப்புக் கட்டிக்கிடுவாங்க."

ஏழு தலைமுறையாக வரப்பைக் காட்டி அதிகாரம் பண்ணிய குடும்பம் எங்களுடையது. ஒருவராவது மண்வெட்டியைத் தொட்டதாகத் தகவல் இல்லை. இப்போது கட்டட்டும்.

கல்யாணத்தன்று காலையில் மைத்துனர் வந்துவிட்டார். ஆனால் யானைகளைத் தாண்டவில்லை. பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு காற்றை முகர்ந்தார். உள்ளே நாதஸ்வரம் முகூர்த்தத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அவர் எதிரில் போய் நின்றேன். இழுத்துக்கொண்டு போகவும் தயார்தான்; அவர் எடைதான் யோசிக்க வைத்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் அடைக்காமல் விட்டிருந்த டிக்கெட் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னப் பிள்ளையில டிக்கெட் எடுக்க முண்டி, இங்கன கம்பியில மாட்டித்தான் என் சட்டை கிழிஞ்சுது. அப்பா தோலை உரிச்சாரு." கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். "கருவாட்டுக் கிட்டங்கிக்குத்தான் வரமாட்டேன்னேன். சினிமாக் கொட்டகைக்கு வரமாட்டேன்னு சொன்னேனா வே?"

"சொல்லல அத்தான்."

"படிச்ச ஆளு, நீரே சாட்சி."

உள்ளே போய் மாலையை எடுத்தார். என் மகள் மேடை ஏறினாள்.

பந்தியில் எல்லாருக்கும் மேலே, வடக்கு ஓரத்தில், முதல் இலையில் போய் உட்கார்ந்தார். கொட்டகையில் விலை கூடின இடம் அதுதான். "சோபா டிக்கெட்" என்றார். அடுத்த இலை சம்பந்தியுடையது. ரசம் வந்தது, மைத்துனர் வரப்புக் கட்டவில்லை. சம்பந்தி தம் சோற்றைக் கூட்டிக் கரையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

மைத்துனர் இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.