பத்து தௌ டேப்பட் சத்தம்

1. வழி கேட்க வந்த வண்டி

முதலியார்பேட்டையில், கடலூர் ரோட்டை ஒட்டி நான் சொந்தமாக ஷெட் போட்ட அன்று முதலில் வந்து நின்ற வண்டி ரிப்பேருக்கு வரவில்லை. வழி கேட்க வந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. பூசணிக்காய் உடைத்து முடித்திருந்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பிரான்ஸ் வண்டி, நம் ஊர் ரோட்டில் ஓடிய அம்பாசடரைவிடத் தாழ்வாக, நீளமாக வந்து நின்றது. தொப்பி போட்ட ஒருவர் தலையை வெளியே நீட்டினார். முதல் போணியே பிரான்ஸ் வண்டியா என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

"போன்ழூர். இங்க ஷெரீப் பாய் ஷெட்டு எந்தப் பக்கம்பா?"

காட்டினேன். வேறு என்ன செய்வது? ரெண்டாவது தெரு, வேப்பமரத்தடி. "மெர்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற என் மனைவி செல்வி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். அப்படிப்பட்டவர்களை, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் பெயர் அந்துவான். கப்பலில் வண்டியையும் கூடவே கொண்டுவந்திருந்தார். பார்க்கிறவர்கள் எல்லாம் "இதுக்கு இங்க சாமான் கெடைக்காது, வித்துட்டு அம்பாசடர் வாங்குங்க" என்றார்கள். அவர் கேட்கவில்லை. நான் இருக்கிற வரைக்கும் இந்த வண்டி இருக்கும் என்பார்.

2. வயிற்றெரிச்சல்

இப்போது கம்ப்யூட்டரைச் சொருகிக் கோளாறு பார்க்கும் தம்பிகள் இதைப் படிக்கலாம். அவர்களுக்காக மறைக்காமல் எழுதுகிறேன். ஷெரீப் பாய் மேல் எனக்கு இருந்தது தொழில் போட்டி அல்ல. சுத்தமான வயிற்றெரிச்சல்.

என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். லேத்து, டிரில்லிங் மிஷின் எல்லாம் என் ஷெட்டில் உண்டு. அவரிடம் ஒரு ஸ்பேனர் பெட்டியும் ஒரு ஜாக்கியும்தான். ஆனால் என்னிடம் வரும் வண்டி மூன்று மாதத்தில் மறுபடி வரும். அவரிடம் போகும் வண்டி ஒரு வருஷம் ஓடும். என் வாடிக்கையாளர்கள் வண்டியை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அவருடைய ஆட்கள் பதினைந்து வருஷம் ஒரே வண்டியை வைத்துக்கொண்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

எரிச்சலைக் கிளப்பியது அவர் வேலை பார்க்கிற விதம். வண்டி வந்தால் உடனே கழற்ற மாட்டார். இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பிறகு, "இப்ப ஒண்ணும் கை வைக்க வேணாம், அடுத்த மாசம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வந்த வேலையைத் திருப்பி அனுப்புகிற மெக்கானிக்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அனுப்ப அனுப்ப அவர் பேர்தான் ஏறிக்கொண்டே போனது.

தினமும் காலையில் அவர் ஷெட் வழியாகச் சைக்கிளில் போய் எத்தனை வண்டி நிற்கிறது என்று பார்த்துவிட்டு வருவேன். டீ குடிக்கப் போவதாக வீட்டில் சொல்வேன். "நம்ம தெருவுல டீக்கடை இல்லாத மாதிரி" என்பாள் செல்வி. அவர் ஷெட்டுக்கு இருக்கிற வேப்பமர நிழல்கூட என் கண்ணை உறுத்தியது. என் ஷெட்டில் தகரம்தான், வெயிலில் கொதிக்கும்.

எல்லாவற்றையும்விட அந்தச் சாம்பல் வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்தாவும் அவர் மனைவி மதாமும் அதில் மாதா கோயிலுக்குப் போவார்கள், என் ஷெட் வாசலைத் தாண்டித்தான். வண்டியில் ஒரே ஒரு சத்தம் உண்டு. டிக், டிக், டிக் என்று மெல்லிசாக, தையல் மிஷின் மாதிரி. மற்றபடி வெண்ணெய். ஏழு வருஷம் அந்த வண்டி என் வாசலைத் தாண்டிப் போனது. ஒரு நாள் நிற்காதா என்று ஏழு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3. நோன்பு மாதத்து மத்தியானம்

நின்றது. எண்பத்தொன்றோ எண்பத்திரண்டோ, ரம்ஜான் மாதம். நோன்பு நாட்களில் ஷெரீப் பாய் மத்தியானத்தோடு ஷெட்டைச் சாத்திவிடுவார். சொல்தாவின் வண்டியில் ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தார்.

பெல்ட் போட பத்து நிமிஷம். அதோடு அனுப்பியிருக்கலாம். இன்ஜினை ஓடவிட்டு, நானும் ஷெரீப் பாய் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு கேட்டேன். எங்கள் ஊரில் ஐயாவுக்கு முசியே.

"இது என்ன முசியே சத்தம்?"

அவர் முகம் மாறியது. அந்தச் சத்தம் அவருக்கே ஒரு குறைதான். எத்தனையோ தடவை பாயிடம் கேட்டாராம், இருக்கட்டும் என்பதோடு முடித்துவிடுவாராம்.

"அவருக்குக் கை வரல போலிருக்கு" என்றேன். "நான் எடுத்துடறேன்."

இங்கே கொஞ்சம் வேலையைச் சொல்லியாக வேண்டும். இன்ஜினில் வால்வுக்கும் அதை அழுத்துகிற ராக்கருக்கும் நடுவில் நூலளவு இடைவெளி விடுவோம். அதுதான் டேப்பட் செட்டிங். ஒரு இஞ்சை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு தௌ. அந்த வண்டிக்கு, புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் பக்கம் பத்து தௌ விட வேண்டும். இன்ஜின் சூடானால் வால்வு நீளும், அது நீள்வதற்கான இடம் அது. இடம் இருந்தால் ராக்கர் தட்டும், டிக் டிக் கேட்கும். இடத்தைக் குறைத்தால் சத்தம் போய்விடும். ஆனால் சூட்டில் நீண்ட வால்வு முழுசாக மூடாது. அந்தச் சந்து வழியாக நெருப்பு போய்ப் போய் வால்வு ஓரம் எரிந்துவிடும். ஒரு நாளில் அல்ல, மாதங்களில்.

இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜில் பத்து தௌ தகட்டை ஒதுக்கிவிட்டு, நாலு தௌ தகட்டை எடுத்து நுழைத்த விரல்கள் இவைதான்.

வண்டி ஊமையாகிவிட்டது. சொல்தா இரண்டு தடவை சாவியைத் திருகப் போனார், இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாமல். ஏழு வருஷமாக ஒருத்தன் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று முணுமுணுத்தார். அதற்குப் பிறகு அவர் ஷெரீப் பாய் ஷெட் பக்கம் போகவில்லை. அந்த வாரம் பூராவும் எனக்குச் சாப்பாடு ருசித்தது.

4. திண்டிவனம்

நாலு மாதம் கழித்து சொல்தாவின் மகள் கைக்குழந்தையோடு பிரான்ஸிலிருந்து வந்தாள். அவளை மீனம்பாக்கத்தில் இருந்து அழைத்துவர அவர் விடிகாலையில் கிளம்பினார். திண்டிவனம் தாண்டியதும் வண்டி இழுக்காமல் திணறியது. பின்னால் சைலன்சர் புஸ் புஸ் என்றது. அப்புறம் நின்றேவிட்டது. அவர் பஸ் பிடித்து, பஸ் மாறி, மீனம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் மகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அரை நாள் காத்திருந்தாளாம்.

வண்டியை லாரியில் கட்டி இழுத்துவந்து என் ஷெட்டில்தான் விட்டார். இப்போது அவருக்கு மெக்கானிக் நான் அல்லவா! கம்ப்ரஷன் பார்த்தேன். இரண்டு சிலிண்டரில் காற்றே நிற்கவில்லை. இன்ஜின் ஹெட்டைத் திறக்காமலே வால்வு எரிந்தது எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நான் சொன்னேன்: "வண்டிக்கு வயசாயிடிச்சி முசியே. வித்துடறது நல்லது."

அவர் பானெட்டைத் தன் கையாலேயே மூடினார். மறுநாள் ஆள் வைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. வேப்பமரத்தடிக்கு என்று செல்விதான் வந்து சொன்னாள்.

5. செய்தித்தாளில் சுற்றிய வால்வு

இரண்டு நாள் கழித்து ஷெரீப் பாய் என் ஷெட்டுக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கையில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். பிரித்து என் பெஞ்சு மேல் வைத்தார். இரண்டு எக்ஸாஸ்ட் வால்வு, ஓரம் எரிந்து, எலி கடித்த வடை மாதிரி.

"டேப்பட்ட செக் பண்ணிட்டுதான் ஹெட்டக் கழட்டினேன்" என்றார்.

ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கேஜை வைத்துப் பார்த்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். சத்தம் போடுவார், நாலு பேரைக் கூட்டுவார், நானும் பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராக நின்றேன்.

"ஏன் எரிஞ்சிதுன்னு முசியே கேட்டாரு. நீ வயசுன்னு சொன்னியாமே, நானும் அதையேதான் சொல்லி வச்சிருக்கேன். மெட்ராஸ்ல இந்த வால்வு கெடைக்கல, ஏழுமல. வேற வண்டி வால்வு ரெண்டு வாங்கியாந்திருக்கேன், கொஞ்சம் பெருசு. ஒங்கிட்டதான் லேத்து இருக்கு. கடைஞ்சி குடுக்கிறியா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. மனுஷனுக்குக் கோபம்கூட வரவில்லையே, அதிலும் என்னைவிட ஒரு படி மேலே நிற்கிறாரே என்று உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

கடைந்தேன். ஒரு பகல் முழுக்க. ஸ்டெம் என்கிற தண்டை அளந்து அளந்து எடுத்து, ஹெட்டில் உட்காரும் ஃபேஸுக்குக் கோணம் பிடித்து, சோப்பு மாதிரி பாலிஷ் போட்டேன். மில்லில் பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. ஷெரீப் பாய் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முடித்துக் கொடுத்ததும் விளக்கில் காட்டிப் பார்த்து, நல்லா இருக்கு என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்து என் மேலேயே எரிச்சலாக வந்தது.

6. வேப்பமரத்தடியில்

வண்டியைக் கொடுக்கிற அன்று ஷெரீப் பாய் என்னையும் வரச் சொன்னார். போனேன். சொல்தா வந்தார். இன்ஜினை ஓடவிட்டார்கள். டிக், டிக், டிக்.

"சத்தம் திரும்ப வந்துடிச்சே" என்றார் சொல்தா. பாய் வழக்கம்போல இருக்கட்டும் என்றார்.

சொல்தா பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியை வாங்க வில்லியனூரிலிருந்து ஆள் வருகிறார்கள், பேசி முடித்தாயிற்று என்றார். வயசுதான் காரணம் என்றால் இன்று வால்வு, நாளைக்கு வேறு ஒன்று. இனிமேல் இதை நம்பி மகளையும் பேரப்பிள்ளையையும் எப்படி ஏற்றுவது என்று கேட்டார். நான் இருக்கிற வரைக்கும் இருக்கும் என்று சொன்ன மனுஷன்.

ஷெரீப் பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வண்டி தப்பிக்கும், அவர் பேரும் திரும்பும், நான் தொலைவேன். அவர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்தாவுக்குப் புரிந்துவிடும் என்றுதான் பார்க்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

அப்போது எனக்கு வந்தது மனசாட்சி என்று எழுத ஆசைதான். வந்தது பொறாமை. கைத்தொழிலில் பேர் வாங்கினார், சரி. இப்போது நல்லவர் என்கிற பேரையும் இவரே தட்டிக்கொண்டு போவாரா? நான் கடைசிவரைக்கும் இவர் காப்பாற்றிவிட்ட ஆளாகவே இருக்க வேண்டுமா? அதை நினைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வயசு இல்ல முசியே. அந்தச் சத்தம் இருக்கணும். நான்தான் அத எடுத்தேன், அதனாலதான் எரிஞ்சிது."

"தெரியாம செஞ்சியா?"

"தெரிஞ்சிதான்."

சொல்தா என்னைப் பார்த்தார். பட்டாளத்து ஆள், அடிப்பார் என்றுதான் நினைத்தேன். தொப்பியைக் கழற்றினார். திரும்பி, ஷெரீப் பாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பார்தோன், மன்னிச்சிடு பாய். நாலு மாசமா உன்னத் தப்பா நெனச்சிட்டேன்."

உண்மையைச் சொன்ன வாய் என்னுடையது. அவர் பிடித்துக்கொண்ட கை ஷெரீப் பாயுடையது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

7. அதற்கப்புறம்

வில்லியனூர் ஆட்களை சொல்தா திருப்பி அனுப்பிவிட்டார். என் ஷெட்டுக்கு அவர் மறுபடி வரவில்லை. வருவார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

தம்பிகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. வண்டி நீடித்து ஓட வேண்டுமென்றால் அதற்குரிய இடைவெளியை விட வேண்டும். வாடிக்கையாளரின் காதுக்காக அதைக் குறைக்காதீர்கள். சத்தத்தை எடுத்துக் கொடு என்று வந்தவர்களிடம் நானும் இருக்கட்டும் என்று சொல்லிப் பழகினேன். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு ஷெட்டுக்குப் போனார்கள். போகாதவர்களின் வண்டிகள் ஓடின. என் ஷெட்டிலும் பத்து வருஷ வண்டிகள் நிற்க ஆரம்பித்தன.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். ஷெரீப் பாய் ஷெட்டைப் பார்க்காமல் எனக்கு டீ இறங்கியதில்லை. ஒரே ஒரு வித்தியாசம், பிற்பாடு அவரே கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுப்பார். அதையும் எரிச்சலோடுதான் குடித்தேன்.

எண்பதுகள் முடிகிற வரைக்கும் அந்தச் சாம்பல் வண்டி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வாசலைத் தாண்டிப் போனது. பின் சீட்டில், இங்கேயே தங்கிவிட்ட பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. டிக், டிக், டிக். ஷெரீப் பாய் கை பட்ட வண்டி, அதான் இப்படி ஓடுது என்று தெருவில் எல்லாரும் சொல்வார்கள். நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அது கண்ணில் இருந்து மறைகிற வரைக்கும் நின்று பார்ப்பேன். அதில் எக்ஸாஸ்ட் வால்வு இரண்டு நான் கடைந்தது. ஒருத்தராவது அதைச் சொல்வார்கள் என்று இத்தனை வருஷம் காத்திருந்தேன்; யாரும் சொல்லவில்லை, அதனால் நானே எழுதிவிட்டேன்.