பூட்ஸ் மாப்பிள்ளை பாட்டும் என் இரண்டு கால்களும்

சேஃப்டி ஷூவுக்குள் கூலண்ட் தண்ணீர் இறங்கினால் ஒரு நாற்றம் வரும். எண்ணெயும் சோப்பும் சேர்ந்து ஊறிப்போன நாற்றம்...

எண்பதுகளின் கடைசி. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த புதிது. கிரைண்டிங் செக்‌ஷனில் மிஷின்மேல் ஊற்றுகிற அந்த வெள்ளைத் தண்ணீர் எப்படியோ ஷூவுக்குள் வந்துவிடும். ஷிப்ட் முழுக்க அதிலேயே நிற்க வேண்டும். மத்திகிரி ரூமுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் தோலும் கூடவே உரியும். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, பாதம் பூராவும் வெள்ளைத் திட்டு. கதவைச் சாத்திவிட்டுத்தான் கழற்றுவேன்.

இதை இன்றைக்கு எழுத வைத்தது என் மகள். ‘மூணாவது ஷிப்ட்’ குழு இந்தச் சனிக்கிழமை ஓசூரில் பாடுகிறார்கள், மறுநாள் கிருஷ்ணகிரியில்.

“இது பங்க் ஃபோக்ப்பா. நம்ம பக்கம் இவங்கதான் ஃபர்ஸ்ட்டு” என்று எனக்கே பாடம் எடுக்கிறாள்.

அந்தக் காலத்தில் கம்பெனியில் நாங்கள் அதைக் கத்தல் கச்சேரி என்போம். ஒரு தப்பு மேளம், பெங்களூரில் வாங்கிய பழைய கிடார், ஒரு காலி எண்ணெய்ப் பீப்பாய், நடுவில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிற மாதேஷ். அவ்வளவுதான் குழு. அந்தப் பீப்பாயை எங்கள் செக்‌ஷனில் கேட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்ததே நான்தான்.

மாதேஷுக்கு அசெம்பிளியில் வேலை. ஊர் மத்தூர். ஒருநாள் கேன்டீனில், “எங்க தெருவுல ஒரு பொண்ணு இருக்குது மாப்ளே. டென்த் படிச்சிருக்குது. கூலிக்குப் போற வீடுதான், ஆனா தங்கமான ஜனங்க. வந்து பாரேன்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வரச் சொல்லி, மூன்று பேரும் கிளம்பினோம். நான் சேஃப்டி ஷூவைத்தான் போட்டுக்கொண்டேன். ஷூ போட்டவன் கம்பெனிக்காரன்... அப்போது அதற்கு அவ்வளவு மரியாதை! பாலிஷ் போட்டு, பஸ்ஸில் யாரும் மிதித்துவிடாமல் காலை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் அதைக் கழற்ற வேண்டியிருக்கும் என்கிற ஒரு சின்ன விஷயம், வாசலில் போய் நிற்கிற வரைக்கும் என் மண்டையில் ஏறவே இல்லை.

அப்பா செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார். மாதேஷும் போனான். நான் நின்றேன்.

“உள்ள வாங்க தம்பி” என்றார் பெண்ணின் அப்பா.

“பரவால்லீங்க... இங்கியே காத்து நல்லா வருது.”

குனிந்து லேஸில் கை வைத்தேன். ஷூவுக்குள்ளிருந்து அந்த நாற்றம் மேலே வந்தது. இந்தக் காலைப் பார்த்தால் பெருநோய் என்றுதான் நினைப்பார்கள் என்று பயம் பிடித்துக்கொண்டது. நிமிர்ந்துவிட்டேன்.

புளியமரத்தடியில் ஒரு கட்டில் கிடந்தது. கடைசிவரை அதில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்பா இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அந்தப் பெண் காபியை வெளியே எடுத்துவந்து கொடுத்தது. என் முகத்தைப் பார்த்தது, பிறகு ஷூவைப் பார்த்தது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

புறப்படும்போது அவள் அப்பா பக்கத்தில் வந்து நின்றார். கோபமே இல்லை.

“வீடு சின்னதுதான் தம்பி. ஆனா நீங்க வர்றீங்கன்னு காலையிலதான் மொழுகினோம்.”

திரும்பி வரும்போது கிருஷ்ணகிரியில் பஸ் மாற இறங்கியதும் மாதேஷ் கேட்டான். “எங்க ஜனங்க வூட்டுல உன் காலு படாதாடா? நேத்து வரைக்கும் நீயும் காட்டுல மாடு மேச்சவன்தானே?”

நான் ஓசூர் பஸ்ஸைத் தேடி முன்னால் நடந்தேன். திமிர்பிடித்தவன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், கால் மட்டும் தெரியக்கூடாது என்று இருந்தது. அப்பாவிடம்கூடக் காரணத்தைச் சொல்லவில்லை.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குக் கம்பெனி வாசலில் ‘மூணாவது ஷிப்ட்’ புதுப் பாட்டு ஒன்று பாடினார்கள். “பூட்ஸு மாப்ளே, பூட்ஸு மாப்ளே, வாசலோட நின்னுட்டே...” பேர் சொல்லவில்லை. அந்த மட்டும் மாதேஷ் நல்லவன். நடுவில், “எல்லாரும் செருப்பக் கழட்டுங்கடா! நாமெல்லாம் தரையில நடக்கிற ஜனம்!” என்று கத்தினான். கூட்டமே வெறுங்காலில் நின்று செருப்பையும் ஷூவையும் கையில் எடுத்துத் தட்டியது. நான் கொடுத்த பீப்பாய் அதிர்ந்தது. பாட்டு முடிந்ததும் ‘இன்னொரு தடவை’ என்று தமிழில், கன்னடத்தில், தெலுங்கில் கூட்டம் கேட்டது.

நான் ஷூவோடு சைக்கிள் ஸ்டாண்டு வழியாக நழுவிவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் கச்சேரி எதற்கும் போனதில்லை. மாதேஷோடு பேச்சும் அப்படியே நின்றுபோயிற்று.

இப்போது அதே செக்‌ஷனில் வேலை பார்க்கும் பையன்களுக்குத் தண்ணீர் இறங்காத கம்பூட்ஸ் கொடுக்கிறார்கள், காலில் கொஞ்சம் அரிப்பு என்றாலே கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுகிறார்கள். என் காலும் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் அந்த மொழுகின தரையை நினைத்தால் இன்றைக்கும் முகம் சூடாகிறது...

நேற்று மகள் போனைப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள். அந்தப் பாட்டு பிறந்த கதையை மாதேஷ் எழுதியிருக்கிறான்.

“பொண்ணு பாக்க வந்தவன் வீட்டுக்குள்ளயே வரலியாம்ப்பா. என்னா கொழுப்பு பாருங்க!”

“ஆமாம்மா” என்றேன்.

இதை அவளும் படிப்பாள். பரவாயில்லை.

மாதேஷ், நீ படித்தால்... பாட்டை மாற்றாதே, நல்ல பாட்டு அது. சனிக்கிழமை நானும் வருகிறேன், செருப்பைக் கழற்றித் தட்டுகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய். உங்கள் தெருவில் அந்த வீட்டுக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லிவிடு. வீடு சின்னது என்று நான் வெளியே நிற்கவில்லை. அவ்வளவு சுத்தமான தரையில் என் காலை வைக்க வெட்கமாக இருந்தது, அதனால்தான்.