எட்டு மாதம் தேடிய ஹப்

என் வீட்டுக்காரர் ஷானவாஸுக்கு மட்டாஞ்சேரியில் சைக்கிள் கடை. யார் வந்து கேட்டாலும், சக்கரத்தின் நடுவே கம்பிகள் வந்து சேருகிற அந்த ஹப்பில் எது பொருந்தும் என்று ஒரு சாயா குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். தன்னுடைய மலைச் சைக்கிளுக்கு மட்டும் எட்டு மாதம் எடுத்துக்கொண்டார்.

போன வருஷம் வாகமண் மலைப் பந்தயத்தில், பாதி ஏற்றத்தில் பின்சக்கர ஹப் கைவிட்டது. உள்ளே பல் பிடிக்காமல் பெடல் சும்மா சுற்றியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்தார். ஊருக்கெல்லாம் சக்கரம் கட்டிக் கொடுக்கிறவருக்கு இது மானப் பிரச்சினை. இந்த வருஷம் உச்சியைத் தொட்டே தீருவது என்று போனைக் கையில் எடுத்தார்.

எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே ஹப் சுற்றும் சத்தம் கேட்பார். "நசீபா, இது கொள்ளாம் இல்லே?" என்று மெச்சிக்கொள்வார். எனக்கு எல்லாம் ஒரே கிர்ர்தான். பேரிங்குக்கு ஒரு மாதம், பல்லுக்கு இரண்டு மாதம். தைவானில் யாருக்கோ மெசேஜ். மீன் வாங்கி வரச் சொன்னால் வெறுங்கையோடு வருவார். எரிச்சலில் எத்தனை நாள் தட்டை ணங்கென்று வைத்திருக்கிறேன்!

ஒருவழியாக விருச்சிக மாதத்தில், தமிழுக்குக் கார்த்திகையில், ஹப் வந்தது. சீல் வைத்த பேரிங்காம், தூசிகூட நுழையாதாம். கம்பி கம்பியாகக் கோத்துச் சக்கரம் கட்டினார். யாரும் இடித்துவிடக் கூடாதென்று கட்டிலுக்கடியில் படுக்கப் போட்டார். விருச்சிகத்தில்தான் எங்கள் சந்துக்கு வேலியேற்றம் வரும். காயல் பொங்கி, ஓடை வழியாக உப்புத்தண்ணீர் வீட்டுக்குள் ஏறும். பிறந்ததிலிருந்து பார்க்கிற மனுஷன்!

பந்தயத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, விடிகாலையில் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். நான் அரிசி மூட்டையைத் தூக்கினேன். அவர் சக்கரத்தைத் தூக்கினார்.

"மச்சான், உடனே அதைக் கழற்றிக் கழுவி கிரீஸ் போடுங்க. கடைக்கு வர்றவங்ககிட்ட அப்படித்தானே சொல்வீங்க?"

"சீல்டு ஆணு நசீபா. புதுசைக் கழற்றினாத்தான் கேடு."

துணியால் துடைத்து மாட்டிக்கொண்டு போனார். அதே வாகமண், அதே ஏற்றம். பெடல் சும்மா சுற்றியது.

திரும்பி வந்து கழற்றினார். பேரிங் பளபளவென்று இருந்தது. பேரிங் மட்டும்தான். பக்கத்தில், பல் பிடிக்கிற இடம் முழுக்கச் செந்துரு; ஸ்பிரிங் ஒட்டிக்கொண்டு கிடந்தது. எனக்கு அழுகை வந்தது, கோபத்தில்தான். "எட்டு மாசம் உலகம் பூரா விசாரிச்சீங்களே, நம்ம வாசல் ஓடையை நினைச்சீங்களா?" என்று கத்திவிட்டேன்.

மறுநாள் நான் சோறு கொண்டுபோனபோது கடையில் கும்பளங்கி ஊர்க்காரர் சேவியர் நின்றிருந்தார். மீன் வளர்க்கிறவர், தினமும் உப்புத்தண்ணீர் வரப்பில் சைக்கிள் ஓட்டுகிறவர். என் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தபடி மாதாமாதம் தவறாமல் ஹப்பைத் தானே கழற்றி கிரீஸ் போட்டுக்கொள்வார். அவரும் வாகமண் போயிருந்தார். உச்சி ஏறிவிட்டார்.

மச்சான் அவருடைய பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "சேவியர் சேட்டா, இது ஏது ஹப்?"

சேவியர் திருதிருவென்று விழித்தார்.

"எனக்கு எங்ஙனே அறியும்? நீதானே மோனே போட்டது. பழைய சாமான் பெட்டியிலேர்ந்து எடுத்தே. நான் அப்போ சாயா குடிச்சுக்கிட்டிருந்தேன்."