ஆறிப்போன ஐந்து தேத்தண்ணி

முதலில் இருமல்தான். நான் கணக்கப்பிள்ளையாக இருந்த ரப்பர் மலையில் மழைக்காலம் முழுவதும் யாராவது இருமிக்கொண்டிருப்பார்கள் என்பதால் நான் பொருட்படுத்தவில்லை. கைக்குட்டையில் மூன்றாம் முறை இரத்தம் தெரிந்தபோதுதான் மனைவி செல்லம்மாவிடம் சொன்னேன். துவைப்பவள் அவள், முதல் முறையே அவளுக்குத் தெரிந்திருந்தது.

கரவனெல்ல ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை (காறித் துப்பும் சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். காசநோய். சிங்கள டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "சீயா பயம் வேணாம். ஆறு மாசம் மருந்து. ஒரு நாளும் விட வேணாம்." சீயா என்றால் தாத்தா.

குளிசைகளில் (மாத்திரைகளில்) ஒன்று ரிஃபாம்பிசின் (கிருமியைக் கொல்லும் மருந்து, சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும்). அது தெரியாமல் இரத்தம் போகிறதென்று இரண்டு நாள் சாகத் தயாராக இருந்தேன். உங்களுக்கும் அப்படியானால் பயப்படாதீர்கள்.

இரண்டாம் மாத முடிவில் சளியில் கிருமி இல்லை. இனித் தொற்றாது என்றார் டாக்டர்.

எங்கள் லயத்தில் (ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடு) சடங்கு, கல்யாணம் எதுவானாலும் பலகாரம் சுடச் செல்லம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். நான் நோயில் விழுந்த பிறகும் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரியும். பன்னிரண்டு வீடும் அதை மார்ச்சளி என்றே சொன்னது. நோயின் பெயரை யாரும் சொல்லாதவரை அடுத்த வீட்டு அடுப்படி அவளுக்குத் திறந்திருந்தது.

சண்டை நிறுத்தம் வந்திருந்த காலம். கொழும்பிலிருந்து வேனில் ஐந்து பேர் வந்தார்கள். சுகாதாரச் செய்தி தோட்ட மக்களிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பது அவர்களது ஆராய்ச்சி. கூடவே ஒரு படமும் எடுத்தார்கள். நோயாளியே வாய் திறந்து பேசினால் மக்களின் பயம் போய்விடும் என்றார் குழுவை நடத்திய விரிவுரையாளர் அம்மா.

செல்லம்மா என்னை உள்ளே கூப்பிட்டாள். "இப்ப யாருங்க பயந்துக்கிட்டு இருக்காங்க? நீங்க போயி பயங்காட்டணுமா?"

"படிச்சவங்க சொல்றாங்க. உனக்கு என்ன தெரியும்?"

முப்பத்தொரு கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நோயின் பெயரைச் சொல்லியே சொன்னேன். வாசலில் பாதி லயம் நின்று கேட்டது.

செல்லம்மா பக்கத்து வீட்டு முத்துலட்சுமியிடம் நல்ல கிளாஸ் ஐந்து இரவல் வாங்கி, இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"ஐயோ, இப்பதானே பங்களாவில குடிச்சிட்டு வந்தோம்," என்றார் விரிவுரையாளர் அம்மா. உண்மையாகவே குடித்திருப்பார். மற்ற நால்வரும் அவர் முகத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்கள். தோட்டத் துரையின் பங்களாவில் குடித்த வாய் லயத்தில் குடிக்காததற்கு எங்கள் ஆட்கள் பரம்பரையாகச் சாதி என்ற ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அன்று இரண்டாவதாக நோயும் கிடைத்தது.

"பாத்தீங்களா, மருந்து படிச்சவங்களே வாய் வைக்கல," என்றார் வாசலில் நின்ற கங்காணி. அவர்கள் மருந்து படித்தவர்கள் இல்லை என்று நான் விளக்கினேன். யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் செல்லம்மா கிளாஸ்களைக் கழுவிக் கொண்டுபோனாள்.

"நீங்களே வச்சிக்கங்கக்கா. எங்களுக்கு அவசரமில்ல," என்றாள் முத்துலட்சுமி, கதவைப் பாதி திறந்தபடி.

அவளுடைய மகள் பெரியவளானபோது பலகாரத்துக்கு ருவான்வெல்லையிலிருந்து ஆள் வந்தது. செல்லம்மா எங்கள் எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள்.

ஆறு மாதம் முடிந்தது. "சீயா சுகம். இனி வர வேணாம்," என்றார் டாக்டர். எக்ஸ்ரேயில் ஒரு தழும்பு மட்டும். இதைப் பன்னிரண்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். சந்தோஷம் என்றார்கள், வாசலில் வைத்தே.

அதன் பிறகு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படம் காட்டினார்கள். இந்தப் படமாவது ஆட்களைத் திருப்பிக் கொண்டுவரும் என்று செல்லம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். முதல் காட்சியில் நான் இருமுகிறேன். கெமராக்காரர் கேட்டதற்காக நான்கு தரம் இருமிக் காட்டியதில் அவருக்குப் பிடித்த மூன்றாவது இருமல். "கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு சினிமாவுல நல்ல எதிர்காலம் இருக்கு," என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். செல்லம்மா கிளாஸ் நீட்டுவதும் வந்தது. யார் குடித்தார்கள் என்று காட்டாமல் அடுத்ததாக மலையைக் காட்டினார்கள். இவர் இன்று தம் மக்களோடு பழையபடி வாழ்கிறார் என்று ஒரு குரல் சொல்லி முடித்தது. கைதட்டினார்கள். எங்கள் வாங்கில் (பெஞ்சில்) நாங்கள் இருவர்தான்.

திரும்பி வரும்போது செல்லம்மா கேட்டாள்: "அந்தம்மா ஒரு வாய் குடிச்சிருந்தா என்னங்க கொறஞ்சிருக்கும்?"

இதைப் படிப்பவர் வீட்டில் இந்த நோய் இருந்தால் மருந்தை ஒரு நாளும் விடாதீர்கள். கெமராவோடு யாராவது வந்தால் முதலில் தேத்தண்ணி கொடுங்கள். குடித்த பிறகு பேசுங்கள்.

படம் இப்போது பெல்மதுளைப் பக்கத் தோட்டங்களில் ஓடுகிறதாம். அங்கே புதிதாக ஒருவர் பார்க்கும் ஒவ்வொரு மாலையும் எனக்கு நோய் தொடங்குகிறது. இங்கே மூச்சு இழுக்கும்போது வலது தோளுக்குக் கீழே ஓர் இடம் மட்டும் பிந்தி நிறைகிறது. அது நிறையும்வரை காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்கிறேன். தூசி பட்டுத் தொண்டை கமறினாலும் இருமுவதில்லை; விழுங்கிவிடுகிறேன். லயத்துச் சுவர் கூரைவரை போகாது. அந்தப் பக்கம் முத்துலட்சுமி இருமலை எண்ணுவாள்.