பின்வரிசையில் ஆடிய எங்கள் அம்மா

எங்கள் அம்மா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. உறவினர் பலர் அறியாத ஒன்றை இந்த நினைவு மலரில் எழுதலாமா என்று அண்ணாவிடம் கேட்டேன். "எழுது. அதுவும் அம்மாதானே" என்றார்.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்த அம்மா, அப்பா முதலில் நோர்வேக்கு வந்தபின் எங்களையும் கூட்டிக்கொண்டு ஒஸ்லோ வந்தார். மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் கழுவி எங்களை ஆளாக்கினார். அப்பா காலமானபின் ஒஸ்லோவின் ஹொல்ம்லியா பகுதியில் உள்ள வீட்டில் தனியே இருந்தார். அண்ணா ரொறன்ரோவில். பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் உள்ள என் வீட்டுக்கு அழைத்தால், "அங்கை நீங்கள் எல்லாரும் வேலைக்குப் போயிடுவியள். தனிய இருக்கிறதெண்டால் என்ர வீட்டிலையே இருக்கிறன்" என்பார். பனிக்காலத்தில், குரல் கேட்கட்டும் என்றே தொலைக்காட்சியைப் போட்டு வைத்திருப்பார்.

பக்கத்து முதியோர் நிலையத்தில் ஒருநாள் பழைய அமெரிக்கப் படமொன்று காட்டினார்கள். கறுப்பு வெள்ளை. நாடு முழுவதும் வேலையில்லாத காலத்தில், ஒரு நாடகத்தை மேடையேற்றப் பாடுபடும் ஆட்டக்காரப் பெண்களின் கதை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

"விளங்கினதோ அம்மா?" என்று கேட்டேன்.

"விளங்காமல் என்ன? வயித்தில ஒண்டுமில்லாமல் சிரிச்சுக்கொண்டு நிக்கிறது நான் அறியாத வேலையோ?"

அதே பாணியில் தாங்களும் ஓர் ஆட்டம் போடுவதென்று அங்கிருந்த முதியவர்கள் தீர்மானித்தார்கள். ஆஸ்ட்ரிட் என்ற ஓய்வுபெற்ற தாதி, அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பின்வரிசையில் நிறுத்திவிட்டார்.

செய்தி அறிந்து அண்ணா அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துப் பதறினார். "அப்பாவும் இல்லாத நேரத்தில மேடையில நிண்டு ஆடினால் சனம் என்ன கதைக்கும்?"

"எந்தச் சனம் தம்பி? நீ எடுக்க முன்னம் என்ர போன் அடிச்சு ஒரு கிழமை. அதுவும் ஆரோ நம்பர் மாறி அடிச்சது."

உறவுகள் இதை மனத்தாங்கலாக எடுக்க வேண்டாம். அம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஆட்டத்தன்று ஆஸ்ட்ரிட் அவருக்கு உதட்டுச் சாயம் பூசினார். அப்பா போனபின் பொட்டும் வைக்காதவர், துடைத்துவிடுவார் என்று நினைத்தேன். கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வடிவா இருக்கோ பிள்ளை?"

"ஓம் அம்மா."

முழங்கால் நோவு அவரை விடவில்லை. மற்றவர்கள் திரும்பியபின்தான் அவர் திரும்பினார். ஆனாலும் சிரித்துக்கொண்டே ஆடி முடித்தார். மற்றவர்களைப் பேரப்பிள்ளைகள் பூங்கொத்துகளோடு சூழ்ந்துகொண்டார்கள். அம்மா என்னைத் தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் கொண்டுபோய் விட்டபோது, சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். "அப்பா இருந்திருந்தால் ஏசியிருப்பார். இப்ப ஏசவும் ஆளில்லை" என்றார். அப்போதுதான் அழுதார்.

அடுத்த பனிக்காலத்தில் நோய் அம்மாவைப் படுக்கையில் தள்ளியது.

மருத்துவர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்த உறவுகளுக்கும், இறுதிக் கிரியைகளுக்குத் தோள் கொடுத்தோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நாங்கள் வேலை முடிந்து வரும்வரை நாள்தோறும் அம்மாவின் கட்டிலருகே அமர்ந்திருந்த ஆஸ்ட்ரிட் அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இந்த மலரை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய், அவர் பெயர் இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவேன்.