நெஞ்சளவுக் கதவு

சுண்டெலி என்று வகுப்பே கூப்பிடுகிற குட்டைப் பெண் கணினியில் செய்துவைத்திருந்த மேசை விளக்கு ஒருநாள் காணாமல் போனது. தொலைத்தது அவளேதான். வேலை முடிந்த விளக்கு இருந்த ஃபைலின் மேல் ஒன்றுமில்லாத வெற்று ஃபைலைச் சேமித்துவிட்டு, வகுப்பறைக் கணினிக்கு முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் வந்து பார்த்தால் விளக்கு முழுசாக, அவள் பெயரிலேயே இருந்தது. யாரோ இரவோடிரவாகத் திரும்பச் செய்துவைத்திருந்தார்கள். விளக்கு மூடியின் ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு நசுங்கல். அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆள் புரிந்துவிட்டது. புழங்கின பொருளில் அடிபடாதது ஏது என்று சொல்லி, தான் செய்கிற எல்லாவற்றிலும் ஒரு நசுங்கல் வைப்பவன் தாடி ஒருத்தன்தான்.

கணினி விளையாட்டுகளுக்கு வீடும் வீதியும் கட்டிக்கொடுக்கிற படிப்பு அது. அந்த வகுப்பில் தாடி மூத்தவன். போன வருடம் கோட்டைவிட்டு, இரண்டாம் தடவையாக அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனைப் படிக்கவைத்தது அக்கா, துணி தைத்து. இந்த முறையும் தேறாவிட்டால் கல்லூரியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரே ஒரு தடவை சுண்டெலியிடம் சொன்னான். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கடைசிப் பரீட்சை, குழுவாகச் செய்கிற வேலை. பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றின் செட்டை விளையாட்டுக்குள் அப்படியே கட்ட வேண்டும். ஒரு வீட்டுக்குள் நீளமான நடைக்கூடம், அதன் கடைசியில் ஒரு கதவு. சுவரும் கதவும் தாடி பொறுப்பு, சாமான்கள் சுண்டெலி, வெளிச்சமும் உள்ளே நடக்கிற ஆள் உருவமும் மூன்றாமவளான குழுத் தலைவி. தாடி படத்திலிருந்து இரண்டு காட்சிகளை எடுத்துவைத்து, தான் கட்டுவது அவற்றின் மேல் கோட்டுக்குக் கோடு உட்கார வேண்டும் என்று உயிரை விட்டான். ஒன்று பொருந்தினால் மற்றது விலகும். தூரத்துச் சுவரை இம்மி இம்மியாக நகர்த்திக்கொண்டே வந்தான். இரண்டும் பொருந்திய அன்று மூவரும் சாமி கும்பிடாத குறை.

சார் பார்க்க வருகிற அன்று காலையில்தான் தலைவி உருவத்தை உள்ளே நடக்கவிட்டாள். போகப் போக நடைக்கூடம் சிறுத்து, உருவம் பூதம்போல் தெரிந்தது. கடைசியில் கதவு அதன் நெஞ்சளவுக்கு நின்றது.

"இது கதவா, பொந்தா? நம்ம சுண்டெலியே தலைய முட்டிக்குவா," என்றாள் தலைவி.

தாடிக்கு முகம் வெளுத்துவிட்டது. இப்போது கதவை ஆள் உயரத்துக்கு நிமிர்த்திக் கட்டினால் இரண்டு காட்சியும் கலைந்துபோகும். நடுவழியில் கண்ணுக்குத் தெரியாத தடுப்பு வைத்து, சாரை அதற்கு மேல் போகவிடாமல் செய்துவிடலாம் என்றாள் தலைவி. சுண்டெலி அந்த இரண்டு காட்சிகளையே வெறித்துக்கொண்டிருந்தாள். மனசுக்குள் கடவுளே, கடவுளே என்று ஓடிக்கொண்டிருந்தது.

திடீரென்று அவளுக்கு உறைத்தது. "டேய், நீ தப்பாக் கட்டல. படம் எடுத்தவங்களே அப்படித்தான் கட்டியிருக்காங்க. சின்ன இடம், நீளமாத் தெரியணும்ல? அதான் போகப் போக எல்லாத்தையும் சின்னதாக் கட்டி ஏமாத்தியிருக்காங்க. இது வீடே இல்லடா, செட்டு."

செட்டைக் கட்டச் சொன்னால் மூவரும் வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் பேச நேரமில்லை. செட்டு என்று தெரிகிற மாதிரி, சுவருக்குப் பின்னால் வர்ணம் பூசாத பலகை, முட்டுக்கொடுத்த கட்டைகள், மேலே விளக்குத் தாங்கிகள் என்று கைக்கு வந்ததை நிறுத்தினார்கள். ஒரு கட்டை தரையில் படாமல் அந்தரத்தில் நின்றது. அதைச் சரிசெய்வதற்குள் சார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சார் உருவத்தை நடக்கவிட்டார். கதவடியில் உருவம் முட்டி நின்றது. சார் அதைப் பின்னுக்கு நடத்தி, மறுபடியும் கதவுக்குக் கொண்டுவந்தார்.

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

தலைவி மேசைக்கு அடியில் தாடியின் காலை மிதித்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்ல சார். ரெண்டு காட்சியும் பொருந்தணும்னு கட்டினேன், இப்படி வந்திருச்சு. காலைல நடந்து பார்த்தப்பதான் தெரிஞ்சது. பின்னாடி இருக்கிற கட்டையெல்லாம் அதுக்கப்புறம் வெச்சது."

தலைவி கண்ணை மூடிக்கொண்டாள். சார் உருவத்தைத் திருப்பிச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோனார். அந்தரத்துக் கட்டையையும் பார்த்தார். பிறகு அந்த இரண்டு காட்சிகளையும் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக அவன் கட்டியதன் மேல் வைத்துப் பார்த்தார்.

"கட்டினவங்க ஒளிச்சு வெச்சது உன் கண்ணுக்குத் தெரியல. ஆனா கை கண்டுபிடிச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த குழுவிடம் போனார்.

தாடி தேறிவிட்டான், மயிரிழையில். அந்தரத்துக் கட்டைக்கு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். அக்காவிடம் போனில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். சுண்டெலி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தான் மனசுக்குள் வேண்டியது தாடிக்குக் கேட்காவிட்டாலும் ஆண்டவனுக்குக் கேட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வேறு ஊரில் வேலை கிடைத்து அவன் கிளம்பிய அன்று, பேருந்து நிலையத்தில் அவள் கேட்டே விட்டாள், அந்த விளக்கைத் திரும்பச் செய்துவைத்தது நீதானே என்று. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கேட்காதவன்போல் படியேறினான். வண்டி நகர்ந்ததும் சன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"இனிமேலாவது செஞ்சத இன்னொரு காப்பி எடுத்து வை, சுண்டெலி. திரும்பச் செஞ்சு வைக்க இங்க நான் இருக்க மாட்டேன்."