சூடு விடாத பெட்டி

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் ஏற்காட்டில் ஃப்ரீசர் என்றால் ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் என் கடைக்குத்தான் வரவேண்டும். பெரிய படிப்புப் படித்தவர்களையே பேசி மடக்கியவன். செடி ஆராய்ச்சிக் கூடத்து அம்மாவிடம் மட்டும் என் பேச்சு எடுபடவில்லை.

ஒல்லியான உடம்பு, காதை மூடிய மப்ளர். மற்றவர்கள் மாற்றலாகிப் போனபின் கூடத்தில் அவர் ஒருவர்தான். மைனஸ் எண்பது டிகிரியில் இலைகளைக் காக்கும் பழைய ஃப்ரீசரை ஒட்டி நாற்காலி போட்டு, அதில் முதுகைச் சாய்த்தபடியே பேசுவார். அது அவ்வளவு சூட்டை வெளியே தள்ளும். கரண்ட்டையும் அப்படியே குடிக்கும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் தாங்காது. மலையில் அழிந்தே போன செடிகளின் இலைகள் உள்ளே கெட்டுவிடும்.

"இது பாதி கரண்ட்தான் இழுக்கும் அம்மிணி. சூடே விடாதுங்க," என்று நான் விற்க வந்த புதிய ஃப்ரீசரைப் பற்றிப் பெருமையடித்தேன்.

"அப்ப ரூமு நொம்பக் குளிருமுங்களே அய்யா."

"ஒரு ஹீட்டர் சும்மாவே தர்றேனுங்க."

"மிச்சம் புடிச்ச கரண்ட்ட அது தின்னுப்போடுமுங்க."

சிரித்துவிட்டு, இலைகளுக்காகப் புதியதையே எடுத்துக்கொண்டார்.

இலைகளை மாற்றி முடித்ததும், காலியாக ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்டியின் பிளக்கைப் பிடுங்கப் போனேன்.

"அது இன்னைக்கு ஓடட்டுமுங்க. நாளைக்கு எடுத்துக்கறீங்களா?" என்றார், அதில் முதுகைச் சாய்த்தபடி.

கரண்ட்டுக்கு அத்தனை கணக்குப் பார்த்தவர். பிளக்கை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.